‘ஊர்’ எது? ஒரே வினாவோடு ஒரு தவணை: உயர்நிலை இரண்டு தமிழ் வகுப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஜூன் விடுமுறை முடிந்து வந்த மாணவி ஒருத்தி எழுதிய குறிப்பின் முதல் வரி இது: ‘விடுமுறைக்கு ஊருக்குப் போனோம்.’ அவள் பிறந்தது சிங்கப்பூரில். அவளுடைய தந்தை பிறந்ததும் இங்கேதான். ‘ஊர்’ என்று அவள் குறித்தது புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், தாத்தா விட்டுவந்த கிராமத்தை. அங்கே அவள் இருந்த நாள்களையெல்லாம் கூட்டினாலும் ஒரு மாதம் தேறாது. வரியில் பிழை ஏதும் இல்லை. ஆனாலும் அடுத்த தாளுக்குப் போக முடியாமல் பேனாவைக் கீழே வைத்தேன். நானும் அப்படித்தான் சொல்கிறேன். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. குடியுரிமை வாங்கிவிட்டேன், வீடு இங்கே, பிள்ளைகள் இங்கே. ஆனால் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் யாராவது பார்த்து ‘லீவுக்கு எங்க?’ என்று கேட்டால் ‘ஊருக்கு’ என்றுதான் வாயில் வருகிறது.

அந்த ஒரு வரியிலிருந்து பிறந்த வினாவை மூன்றாம் தவணையின் பத்து வாரங்களுக்கும் வகுப்பின் நடுவில் வைத்தேன். அதனால் என்ன நடந்தது, எதில் சறுக்கினேன், எப்படி மதிப்பெண் போட்டேன் என்பதைச் சக தமிழாசிரியர்களுக்காகப் பதிவு செய்கிறேன்.

வகுப்பும் சூழலும்

பள்ளி தீவின் வடபகுதியில் உள்ள ஓர் அரசாங்க உயர்நிலைப் பள்ளி. வகுப்பில் 19 பேர். நான்காம் தலைமுறைச் சிங்கப்பூரர்களும் இருந்தார்கள். வேலைக்கு வந்த பெற்றோருடன் பத்து வயதில் இங்கு வந்து சேர்ந்தவர்களும் இருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் ஆங்கிலமே பேசுகிறார்கள். இது என் வகுப்புக்கு மட்டும் உரியதில்லை. வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்ன இந்தியர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 41.6 விழுக்காடு, 2020ல் 59.2 விழுக்காடு. தமிழாசிரியர் எவரும் இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைக்காமல் பாடம் திட்டமிட முடியாது.

அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் எல்லா நிலைகளிலும் நீக்கப்பட்டதால் தவணைக்குள் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. ஆண்டு மதிப்பெண்ணில் சேரும் எடையிடப்பட்ட மதிப்பீடு மட்டும் உண்டு. அதை எந்த வடிவில் நடத்துவது என்பதில் எங்கள் துறைத்தலைவர் எனக்குச் சுதந்திரம் கொடுத்தார். அது இல்லாவிட்டால் இந்த முயற்சியே இல்லை.

முந்தைய ஆண்டின் தோல்வி

பாடம் முழுவதையும் ஒரு பெரிய வினாவைச் சுற்றி அமைப்பது புதிய எண்ணமன்று. அமெரிக்காவில் தியடோர் சைசர் 1980களில் தொடங்கிய பள்ளிக் கூட்டமைப்பு இதைக் கையாண்டது. 1998ல் கிராண்ட் விக்கின்ஸ், ஜே மெக்டை இருவரும் இதற்கு ஒரு திட்டவட்டமான முறையை வகுத்தார்கள்: மாணவர் இறுதியில் எதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதை முதலில் முடிவு செய், புரிந்ததற்கு எது சான்று என்பதை அடுத்து முடிவு செய், பாடங்களைக் கடைசியில் திட்டமிடு. ‘எசென்ஷியல் குவெஸ்ச்சன்’ என்று அவர்கள் சொல்வதை நான் மையவினா என்கிறேன். ஒரே விடையில் அடங்காதது, காரணம் கேட்பது, மேலும் வினாக்களைக் கிளப்புவது, திரும்பத் திரும்ப வந்து நிற்பது என்று அதன் இயல்புகளைப் பட்டியலிட்டார்கள்.

இதையெல்லாம் பயிலரங்கில் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு, முந்தைய ஆண்டு நான் வெண்பலகையில் எழுதிய மையவினா: ‘நம் பண்பாட்டை நாம் ஏன் கட்டிக்காக்க வேண்டும்?’ தவணை முடிவில் மாணவர்கள் எழுதிய கட்டுரைகளை எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். ஏழாவது கட்டுரையில் அடுத்த வரி என்னவென்று பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. பண்பாடு நம் அடையாளம். அதை இழந்தால் வேரில்லா மரம். ஆகவே அதைப் போற்றுவோம். எல்லாரும் நன்றாக எழுதியிருந்தார்கள். ஒருவர்கூடச் சிந்தித்திருக்கவில்லை. அதற்குக் காரணம் பிள்ளைகளா, வினாவா என்று ஒரு வாரம் குழம்பினேன்.

தெளிவு கிடைத்தது நன்னூலில். பவணந்தியார் வினாவை ஆறாகப் பிரிக்கிறார்: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். பயிற்சிக்காலத்தில் மனப்பாடம் செய்ததோடு சரி. அந்த ஆண்டு நான் வகுப்பில் கேட்ட வினாக்களை என் பாடக்குறிப்பேட்டிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றும் எந்த வகை என்று பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். ஏறக்குறைய எல்லாமே அறிவினா. விடை எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா என்று பார்க்கிறேன். மையவினா என்று பெருமையோடு எழுதிய அந்த ஒன்றோ ஏவல்வினா. ‘சாத்தா, உண்டாயா?’ என்று கேட்பவர் உண்ணச் சொல்கிறார். ‘ஏன் கட்டிக்காக்க வேண்டும்?’ என்று கேட்ட நான் கட்டிக்காக்கச் சொன்னேன். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது உடனே புரிந்துவிடுகிறது. ஆசிரியர் எதிர்பார்ப்பதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கேட்பவருக்கே ஐயம் இருக்கும் வினா, கயிறோ பாம்போ என்று நின்று பார்க்கும் ஐயவினா, என் குறிப்பேட்டில் ஒன்றுகூட இல்லை.

வினாவைத் தேர்ந்த விதம்

இந்த முறை அலகு, சிங்கப்பூருக்குத் தமிழர் வந்து குடியேறிய கதை. ‘குடியேறியவர்கள் என்னென்ன இன்னல்களை எதிர்கொண்டார்கள்?’ என்பது முதலில் தோன்றிய வினா. அதற்கு விடை பாடப்பகுதியிலேயே இருக்கிறது, துணைவினாவாக வைத்துக்கொண்டேன். ‘சிங்கப்பூர் நம் தாயகமா?’ என்பது இரண்டாவது. மூன்றாம் தவணையின் நடுவில் ஆகஸ்ட் 9 வருகிறது. அடுக்குமாடி புளோக்குகளின் தாழ்வாரமெங்கும் கொடி பறக்கும் நாள்களில் எந்தப் பிள்ளையும் ‘இல்லை’ என்று சொல்லப்போவதில்லை. மீண்டும் ஏவல்வினா. அப்போதுதான் அந்த மாணவியின் குறிப்பு கைக்கு வந்தது.

‘ஓர் இடம் எப்போது ஒருவருக்கு ஊர் ஆகிறது?’

இதற்கு என்னிடம் விடை இல்லை. அதனாலேயே இதைத் தேர்ந்தேன்.

பாடங்களைத் தொடுவதற்கு முன்பே சான்றை முடிவு செய்துகொண்டேன். இதே வினாவுக்கு முதல் வாரம், ஐந்தாம் வாரம், ஒன்பதாம் வாரம் என மூன்று முறை விடை சொல்ல வேண்டும். மாணவர்களுக்கான எஸ்எல்எஸ் இணையக் கற்றல் தளத்தில் குரல்பதிவு. மூன்றாவது முறை பதிவோடு எழுத்தும் உண்டு. இயல்பான பேச்சுத்தமிழில் சொல்லலாம் என்று அனுமதித்தேன். பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் வேண்டும் என்று 2005லேயே தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தது. ஆனாலும் ‘சிந்தனை’ என்று வந்ததும் எழுத்துத்தமிழைத்தான் கேட்கிறோம். வீட்டில் தமிழ் பேசாத பிள்ளை அங்கேயே வாயை மூடிக்கொள்கிறது.

இரண்டு மாணவர்கள்

எல்லாரையும் பற்றி எழுத இடமில்லை. இருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாமவன் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளை. முதல் வாரப் பதிவு பதினொரு விநாடி. ‘ஊர்னா இந்தியா. நான் அங்க போனதில்ல. அதனால எனக்கு ஊர் இல்ல.’ அவ்வளவுதான்.

இரண்டாமவள் பத்து வயதுவரை கோயம்புத்தூரில் படித்தவள். இரண்டு நிமிடம் தடையில்லாமல் பேசினாள். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்று தொடங்கி, உலகமே ஒரு குடும்பம் என்று முடித்தாள். உச்சரிப்பு, சொல்வளம், ஏற்ற இறக்கம் எல்லாம் மிக நன்று. பழைய அளவுகோலில் அவளுக்கு முதலிடம், அவனுக்குக் கடைசி இடம். ஆனால் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று தெரிகிறது: ‘அதனால’ என்ற சொல் அவனிடம் மட்டுமே இருக்கிறது. அவன் சொன்னது மூன்றே வாக்கியம், ஆனால் அதில் ஒரு வாதம் இருந்தது.

இடைப்பட்ட வாரங்களில் படித்தவை பல. 1819ல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827ல் சவுத் பிரிட்ஜ் சாலையில் எழுப்பிய மாரியம்மன் கோயில். வந்து எட்டே ஆண்டுகளில் அத்தாப்பு ஓலைக் கூரையிலாவது ஒரு கோயில் வேண்டியிருந்தது ஏன் என்று ஒரு மாணவன் கேட்டான். தஞ்சோங் பகாரில் கூடி வாழ்ந்த கடையநல்லூர்க்காரர்கள், அவர்கள் 1946ல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்கும் ஒரு நாள் போய்வந்தோம். 1957ல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, ‘தமிழ் முரசு’ நிறுவிய கோ. சாரங்கபாணி தமிழர்களைக் குடிமக்களாகப் பதிந்துகொள்ளும்படி வற்புறுத்தியதைப் படித்த அன்றுதான் வகுப்பு முதன்முறையாகச் சூடுபிடித்தது. ‘அப்ப படிவத்துல கையெழுத்துப் போட்டா நாடு மாறிடும். ஊரும் மாறுமா டீச்சர்?’ என்று பின்வரிசையிலிருந்து குரல். நாடு, ஊர் என்ற இரண்டு சொற்களுக்கும் இடையில் உள்ள இடைவெளியைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுகொண்டார்கள். அன்றைக்கு நான் திட்டமிட்டிருந்த செயல்தாளைக் கொடுக்கவே இல்லை.

வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் ‘ஊர்னா எதச் சொல்றீங்க?’ என்று கேட்டு வர வேண்டும் என்பது நான்காம் வாரப் பணி. முதல் வாரம் பதினொரு விநாடி பேசிய அந்த மாணவனின் தாத்தாவுக்கு எண்பது வயது. அவருடைய தந்தை செம்பவாங் கடற்படைத் தளத்தில் கூலிவேலை பார்த்தவர். 1938ல் அங்கே பெரிய கப்பல்துறை திறக்கப்பட்டதிலிருந்து எத்தனையோ தமிழ், மலையாளக் குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. 1971ல் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரைவிட்டுப் போயின. குவார்ட்டர்ஸும் பின்னால் போயிற்று. தாத்தா சொன்னதை அவன் கைப்பேசியில் பதிந்து வந்திருந்தான்:

‘ஊரா? நேவல் பேஸ்தான்யா நம்ம ஊரு. இப்பப் போனா ஒண்ணும் இருக்காது. ஆனா கண்ண மூடுனா தண்ணிக்குழாய் எங்க இருந்துச்சுன்னு காட்டிருவேன்.’

பேரன் செயல்தாளின் பின்பக்கத்தில் தாத்தா சொல்லச் சொல்ல வரைந்த வரைபடமும் இருந்தது. நீண்ட கட்டடங்கள் நான்கு, நடுவில் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பக்கத்தில் தமிழில் ‘குழாய்’. ‘ழா’வை முதலில் ‘லா’ என்று எழுதி அடித்திருந்தான். ஐந்தாம் வாரப் பதிவில் அவன் சொன்னது: ‘தாத்தா ஊர்ல இப்ப ஒண்ணும் இல்ல. ஆனா அவரு அத ஊர்னு சொல்றாரு. அப்ப ஊர் இடமா, ஞாபகமா?’

நான் சறுக்கிய இடம்

மூன்றாம் வாரக் கலந்துரையாடல் படுதோல்வி. வினாவைக் கேட்டேன், வகுப்பு அமைதியாக இருந்தது, நானே பேசினேன். அன்றைய ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான் என் வேகம் எனக்குத் தெரிந்தது. கேட்டு முடித்த மறு விநாடியே நான் விளக்கத் தொடங்கியிருந்தேன். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள், மூன்று விநாடியாவது காத்திருந்தால் விடைகள் நீள்கின்றன, காரணங்கள் வருகின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார். எங்கள் பிள்ளைகளுக்கு மூன்று போதாது. ஆங்கிலத்தில் தோன்றிய எண்ணத்துக்குத் தமிழ்ச்சொல் தேட வேண்டும். மனத்துக்குள் பத்துவரை எண்ணிப் பழகினேன். ஆறாம், ஏழாம் எண்ணில் மௌனம் பொறுக்க முடியாததாக இருக்கும். எட்டில் யாராவது கை தூக்குவார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் சொல்லிப் பார்க்க ஒரு நிமிடம் கொடுத்ததும் உதவியது.

ஆறாம் வாரம் ஒரு துணைவினா மாணவர்களிடமிருந்தே வந்தது: இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வந்து கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் அண்ணன்மாருக்குச் சிங்கப்பூர் ஊர் ஆகுமா? ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் அவர்களைப் பார்க்காத பிள்ளை இல்லை. ஆனால் அவர்களை வைத்து ஒரு வினாவை யாரும் கேட்டதில்லை. ‘பத்து வருஷம் இருந்தாலும் இங்க வீடு வாங்க முடியாதே’ என்றான் ஒருவன். ‘வீடு இருந்தாத்தான் ஊரா? என் பாட்டி கடைசி வரைக்கும் வாடகை வீட்டுலதான் இருந்தாங்க’ என்றாள் இன்னொருத்தி. இருவருக்கும் இடையில் நான் வாய் திறக்கவில்லை.

விடைகளை எப்படிக் கவனித்தேன்

வினாவை ஆறாக வகுத்த நன்னூல் விடையை எட்டாக வகுக்கிறது. சுட்டு, மறை, நேர் மூன்றும் செவ்வன் இறை, அதாவது நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஐந்தும் சுற்றி வந்து விடை தருபவை. கலந்துரையாடலின்போது ஒவ்வொரு மாணவன் பெயருக்கு எதிரிலும் இந்த எட்டில் எது என்று ஓர் எழுத்தைக் குறித்துக்கொண்டேன். முதல் இரு வாரங்களில் பக்கம் முழுவதும் ‘நே’. நான் சொன்னதை ஒத்துக்கொள்ளும் விடைகள். ஆறாம் வாரத்தில் ‘உ’ வந்தது, தனக்கு நேர்ந்ததைச் சொல்லுதல். ‘வி’ வந்தது, வினாவுக்கு எதிர்வினா. ‘ம’ வந்தது, மறுத்தல். இந்தப் பக்கங்களுக்கு மதிப்பெண் கிடையாது. யாரிடம் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதை அவைதான் எனக்குச் சொல்லின. வடமொழிக்கும் ஆங்கிலத்துக்கும் போகாமல் நம் இலக்கணத்திலேயே இவ்வளவு கூர்மையான கருவி இருந்தும் அதை இரண்டு மதிப்பெண் வினாவாக மட்டுமே வைத்திருக்கிறோமே என்று எனக்கு வருத்தம்.

மதிப்பெண்ணுக்கு உரியது ஒன்பதாம் வார விடை. கடைசியில் எந்த முடிவுக்கு வந்தாலும் சரி; அதற்கு மதிப்பெண் இல்லை. தன் வாழ்விலிருந்தோ குடும்பத்திலிருந்தோ ஒரு சான்று, படித்ததிலிருந்து ஒன்று, தனக்கு எதிரான ஒரு கருத்துக்குப் பதில், முதல் வார விடையிலிருந்து எது ஏன் மாறியது என்ற விளக்கம், இந்த நான்குக்கும் சேர்த்து 12. மொழிக்குத் தனியாக 8. மாறவே இல்லை என்றாலும் ஏன் மாறவில்லை என்று சொன்னால் முழு மதிப்பெண் உண்டு. அளவுகோலை முதல் வாரமே மாணவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அந்த மாணவனின் மூன்றாம் விடை: ‘ஊர் ஆகுறதுக்கு அங்க நம்மள யாராவது தேடணும். எங்க புளோக் கீழ கடை வச்சிருக்கிற அங்கிள், நான் ரெண்டு நாள் வரலன்னா அம்மாகிட்ட கேப்பாரு. அதனால ஈசூன் எனக்கு ஊர். ஆனா நேவல் பேஸ்ல தாத்தாவ இப்ப யாரும் தேடல. தாத்தாதான் அதத் தேடுறாரு. அதனால என் பதில் தாத்தாவுக்குப் பொருந்தல. ரெண்டுல ஒரு பக்கமாவது தேடணும்னு நெனைக்கிறேன்.’

கோவை மாணவியின் பாதை எதிர்த்திசையில் போயிற்று. புறநானூற்றின் அந்த 192ஆம் பாடலை ஏழாம் வாரம் முழுமையாகப் படித்தோம். சுவரொட்டிகளில் முதல் வரி மட்டுமே இருக்கும். நீர் இழுத்துச் செல்லும் புணைபோல உயிர் முறைவழிப் போகும் என்று பாட்டு பின்னால் சொல்வதை அவளும் அதுவரை படித்ததில்லை. ‘அந்தப் புணைக்கு எந்தக் கரை ஊர்?’ என்று கேட்டாள். ஒன்பதாம் வாரப் பதிவில் அவள் சரளம் குறைந்திருந்தது. நிறுத்தி நிறுத்திப் பேசினாள். ‘எல்லா இடமும் ஊர்னு சொல்றவருக்கு ஓர் இடத்த விட்டு வர்றது வலிக்காது. எனக்கு வலிச்சது. பள்ளிக்கூடத்துல கடைசி நாள் யார்கிட்டயும் சொல்லாம வந்துட்டேன். அதனால அந்த வரி எனக்கு இன்னும் உண்மை ஆகல.’ முதல் வாரத்தின் அழகான இரண்டு நிமிடங்களைவிட இந்தத் தட்டுத்தடுமாறல் எனக்கு உயர்வாகப் பட்டது.

கருத்து வேறுபாடு

மதிப்பெண்களைச் சரிபார்த்த சக ஆசிரியர் அந்த மாணவனுக்கு 20க்கு 11 போட்டார், நான் 15 போட்டிருந்தேன். ‘மொழி பலவீனம்’ என்றார். இது தமிழ் வகுப்பு, சமூகவியல் வகுப்பு அல்ல என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. மொழிக்கான எட்டில் நான் தாராளமாக இருந்ததை அவர் சுட்டிய பிறகு ஒத்துக்கொண்டு ஒரு மதிப்பெண் குறைத்தேன். ஆனால் சிந்தனைக்கான பன்னிரண்டில் கைவைக்க மறுத்தேன். அவர் பதிவைக் கேட்காமல் எழுத்தை மட்டும் பார்த்திருந்தார்; இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்ட பிறகு 14இல் உடன்பட்டோம். அடுத்த முறை சரிபார்ப்பவரும் பதிவைக் கேட்டாக வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டோம். நேரம்தான் பெரிய தடை. 19 பேரின் மூன்று பதிவுகள் 57. எனக்கு இரண்டு வார இறுதிகள் போயின. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இதை அப்படியே செய்யச் சொல்ல மாட்டேன்; இரண்டு பதிவுகளோடு நிறுத்தலாம்.

இன்னொரு குறையும் உண்டு. மூன்று மாணவர்களின் முதல் விடையும் கடைசி விடையும் ஏறக்குறைய ஒன்றே. ஏன் மாறவில்லை என்றும் அவர்கள் சொல்லவில்லை. அவர்களில் ஒருவன் வீட்டில் கேட்டு வரப் பெரியவர் யாரும் இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. குடும்பத்தை நம்பி வைத்த பணி அவனை வெளியே நிறுத்திவிட்டது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக் கடைக்காரர், பாதுகாவலர் என யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று இந்த ஆண்டு பணியை மாற்றியிருக்கிறேன்.

கடைசி வாரம் ஒரு மாணவி கேட்டாள்: ‘டீச்சர், உங்களுக்கு எது ஊர்? நீங்க மட்டும் சொல்லவே இல்லையே.’ ஐயவினா என்று சொல்லிவிட்டு நான் ஒதுங்கி நின்றது சரியில்லை என்று பட்டது. அன்றிரவே ஒரு பக்கம் எழுதினேன். மறுநாள் பெயர் மறைக்காமல் வகுப்பில் கொடுத்து, அதே அளவுகோலில் மதிப்பிடச் சொன்னேன். குழுக்களாக உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். சான்றுக்கு முழு மதிப்பெண். படித்ததிலிருந்து எடுத்தாண்டதற்கும் முழு மதிப்பெண். ‘எதிர்க்கருத்துக்குப் பதில்’ என்ற கட்டத்தில் மூன்றுக்கு ஒன்று. பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்கள்: ‘உங்க பிள்ளைங்களுக்கு எது ஊர்னு நீங்க யோசிக்கல.’

அடுத்த திங்கட்கிழமை திருத்தி எழுதிக் கொடுத்தேன்.